யூரியா போட்டும் மரவள்ளி மஞ்சளாகவே நிற்கிறது, மண் செத்துவிட்டதா?

2024 ஆகஸ்ட் 11

எங்கள் விவசாய இணைய இழையில் வாழப்பாடி பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டது:

"அண்ணா, ரெண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), தாய்லாந்து ரகம், ஆனியில் நட்டது. இலை மஞ்சளா நிக்குது. யூரியா ஒரு மூட்டை போட்டுத் தண்ணியும் கட்டிட்டேன், பச்சை ஏறவே இல்லை. நாலு வருஷமா இதே காட்டில் கிழங்குதான். முதல் வருஷம் ஏக்கருக்கு 15 டன் வந்தது, போன வருஷம் 11 தாண்டலை. ஆலையில மாவுச்சத்துக்குப் பார்க்கிற பாயிண்டும் 28லிருந்து 25க்கு இறங்கிடுச்சு. ரசாயன உரம் போட்டுப் போட்டு மண்ணு செத்துப்போச்சு, இனிமே ஜீவாமிர்தம் மட்டும்தான் வழின்னு எங்க ஊர்ல சொல்றாங்க. உண்மையா?"

2024 ஆகஸ்ட் 11, இரவு

மண் சாவது இருக்கட்டும். எந்த இலை மஞ்சள்? அடி இலையா, கொழுந்தா? நரம்பும் சேர்த்து மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா? படம் போடுங்கள். இது தெரியாமல் யூரியா போட்டதே பணத்தை ஓடையில் விட்ட கணக்கு.

2024 ஆகஸ்ட் 12

படம் வந்தது. கொழுந்து இலைகள் வெளிறிய மஞ்சள், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிகின்றன. அடி இலைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. இது தழைச்சத்து (நைட்ரஜன்) குறை இல்லை. தழைச்சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது. போதாமல் போனால் செடி கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் கொழுந்துக்குக் கொடுக்கும், அதனால் மஞ்சள் அடியிலிருந்து தொடங்கும். இரும்பு அப்படி நகராது. அது கிடைக்காவிட்டால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைந்தால் அடி இலையின் ஓரம் கருகும். துத்தநாகம் குறைந்தால் கொழுந்து இலை குறுகி, வெள்ளைத் திட்டு விழும்.

தேமல் நோயோ என்று இழையில் எழுதும் தலைவாசல் அண்ணன் சந்தேகப்படுகிறார். தேமல் என்றால் இலை கோணிக்கொள்ளும், மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக ஒழுங்கில்லாமல் வரும், ஒரு செடியில் இருக்கும், பக்கத்துச் செடியில் இருக்காது. இங்கே வரிசை முழுக்க ஒரே மாதிரி வெளுத்திருக்கிறது. அப்படி வெளுத்தால் மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

வாழப்பாடித் தம்பி, உங்கள் காட்டில் சுக்கான் கல் கிடக்கிறதா? ஒரு பிடி மண்ணில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண். சேலம் மாவட்டச் செம்மண்ணில் சுண்ணாம்பு உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு, வரப்பு தாண்டினாலே மாறும். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, ஏராளமாக இருக்கிறது. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். ஆனால் வேர் உறிஞ்சக்கூடிய உருவத்தில் இல்லை. பூட்டிக் கிடக்கிறது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 10 கிராம், ஜிங்க் சல்பேட் 5 கிராம், 60ஆம் நாளும் 90ஆம் நாளும் இலைவழித் தெளிப்பு. உங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினம் என்றால் கரைத்த கொஞ்ச நேரத்தில் துரு நிறமாகத் திரும்பும். அப்படித் திரும்பினால் அந்த இரும்பு பயிருக்கு இல்லை. லிட்டருக்கு ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் போட்டுவிட்டு அப்புறம் அன்னபேதியைக் கரையுங்கள். சாயங்காலம் அடியுங்கள். ஏற்கெனவே வெளுத்த இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். புதிதாக வரும் இலையைப் பாருங்கள்.

2024 ஆகஸ்ட் 14

நினைத்த மாதிரியே இழை இயற்கை, ரசாயனம் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒருவர் என்னை உரக் கம்பெனி ஆள் என்கிறார். இன்னொருவர் நான் முன்பு எருவுக்காகக் காட்டில் ஆட்டுப்பட்டி அடைத்த கதை எழுதியதைப் படித்துவிட்டு இயற்கை விவசாயி நம்மாழ்வாரின் சீடன் என்கிறார். இரண்டு பட்டத்தையும் வாங்கிக்கொள்கிறேன்.

ஜீவாமிர்தத்துக்கு வருவோம். சண்டை போடாமல் கூட்டிக் கழிப்போம். ஏக்கருக்கு 200 லிட்டர். அதில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். ஈரச் சாணத்தில் தழைச்சத்து அரை சதவீதத்துக்குள், அதிகபட்சம் 50 கிராம். கோமியம் ஒரு சதவீதம் என்று தாராளமாக வைத்தால் 100 கிராம். பயறு மாவில் புரதம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அதிலிருந்து தழைச்சத்து 70 கிராம். வெல்லத்தில் ஒன்றுமில்லை. மொத்தம் கால் கிலோ கூட வரவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை பத்து மாதமும் விடாமல் ஊற்றினாலும் நாலரை கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது ஏறக்குறைய 21 கிலோ.

அதனால் ஜீவாமிர்தம் வீண் என்று சொல்லவில்லை. அது உறைமோர். உறைமோர் இல்லாமல் தயிர் இல்லை, ஆனால் பால் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். மண்ணில் மட்கும் பொருள் இருந்தால் அதை வேலை செய்ய வைக்க நுண்ணுயிர்கள் உதவும். ஒன்றுமே இல்லாத காட்டில் நுண்ணுயிரை மட்டும் கொண்டுவந்து ஊற்றினால் அவை எதைத் தின்னும்?

2024 ஆகஸ்ட் 15

பயறு மாவை மண்ணில் ஊற்றுவதற்கு பதில் பஜ்ஜி போடலாமே என்று கேட்டவருக்கு: போடலாம், வெங்காயம் உங்கள் செலவு.

2024 ஆகஸ்ட் 19

இழை எங்கெங்கோ போகிறது, கேள்வியின் பாதியை யாருமே தொடவில்லை. விளைச்சல் 15லிருந்து 11, பாயிண்ட் 28லிருந்து 25. இலை வெளுத்ததற்கு இரும்பு காரணம் என்றால் இதற்கு?

தம்பியிடம் வருடா வருடம் என்ன போட்டார் என்று கேட்டேன். ஏக்கருக்கு யூரியா 3 மூட்டை, டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட்) 2 மூட்டை, பொட்டாஷ் அரை மூட்டை. நாலு வருடமும் மாற்றமில்லை. குப்பை (தொழு எரு) முதல் வருடம் அடித்ததோடு சரி. நம் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் போடுகிறார்கள், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உள்ளே போனது: யூரியாவும் டி.ஏ.பி.யும் சேர்த்துத் தழைச்சத்து 80 கிலோ, டி.ஏ.பி.யிலிருந்து மணிச்சத்து (பாஸ்பரஸ்) 46 கிலோ, பொட்டாஷிலிருந்து சாம்பல்சத்து 15 கிலோ.

வெளியே போனது: இதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குக் கிழங்கு ஏற்றும் லாரியில் மாவு மட்டும் போவதில்லை. ஒரு டன் கிழங்கோடு சாம்பல்சத்து 3 முதல் 4 கிலோ, தழைச்சத்து 2 கிலோ அளவில், மணிச்சத்து ஒரு கிலோ அளவில் போய்விடும். 15 டன்னுக்கு சாம்பல்சத்து 45 முதல் 60 கிலோ. ஒரு பொட்டாஷ் மூட்டையில் 30 கிலோ என்பதால், லாரியில் ஒன்றரை முதல் இரண்டு மூட்டை பொட்டாஷ் ஏறிப் போனது. உள்ளே வந்தது அரை மூட்டை.

மணிச்சத்து நேர் எதிர். 15 கிலோ போனது, 46 கிலோ வந்தது. வருடா வருடம் 30 கிலோ காட்டிலேயே தங்குகிறது. இந்த மிச்சத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பாயிண்ட் ஏன் இறங்கியது என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. இலை செய்த சர்க்கரை கிழங்குக்கு இறங்கி மாவாக மாறுவதற்கு சாம்பல்சத்து வேண்டும். தழைச்சத்து மட்டும் அதிகம் கொடுத்தால் செடி ஆள் உயரம் தாண்டும், இலை கும்மென்று இருக்கும், பார்க்கிறவன் கண் வைப்பான். பிடுங்கினால் கிழங்கில் தண்ணீர். ஆலையில் பாயிண்டுக்குத்தான் காசு, இலைக்கு இல்லை.

2024 ஆகஸ்ட் 20

"பொட்டாஷ் விலை தெரியுமா உங்களுக்கு?" தெரியும். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, அரசு பிடித்து வைத்திருக்கிற விலை. பொட்டாஷுக்கு அப்படியில்லை. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வந்த பிறகு மானியம்தான் நிலையானது, விலை கம்பெனி வைப்பது. நாட்டுக்கு வேண்டிய பொட்டாஷ் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022 தொடக்கத்தில் மூட்டை 1,700 ரூபாய் வரை போனது. அந்த வருடம் பொட்டாஷை விட்டவர்கள் பலர் திரும்ப அதன் பக்கம் போகவேயில்லை. விவசாயிக்கு அறிவில்லை என்று மேடையில் பேசுகிறார்கள். 266க்கும் 1,700க்கும் நடுவில் நிறுத்தினால் அவர்கள் எதை எடுப்பார்கள்?

  

2024 ஆகஸ்ட் 22

தலைவாசல் அண்ணன் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையை எடுத்துப் போட்டிருக்கிறார்: இறவை மரவள்ளிக்கு 90:90:240, தழை, மணி, சாம்பல் என்ற வரிசையில் கிலோ. போட்டதும் இரண்டு பேர் "240 கிலோவா, எட்டு மூட்டை பொட்டாஷா, கொல்லுகிறார்கள்" என்று குதித்தாயிற்று. அது ஹெக்டேருக்கு. நமக்கு வேண்டியது ஏக்கருக்கு, இரண்டரையால் வகுங்கள்: 36:36:96. சாம்பல்சத்து 96 கிலோ என்றால் பொட்டாஷ் 160 கிலோ, மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் மேல். பாதி நடவில், மீதி 90ஆம் நாள். தழைச்சத்தும் அப்படியே பாதிப் பாதி. மணிச்சத்து முழுவதும் அடியுரம்.

கவனித்தீர்களா, தழைச்சத்து 36தான். தம்பி போட்டது 80.

இதிலிருந்து நல்ல கேள்வி ஒன்று வந்தது. கிழங்கில் போவது 60 கிலோ என்றால் பரிந்துரை ஏன் 96? கிழங்கு மட்டும் போவதில்லை, குச்சியும் போகிறது. நடவுக்கு விற்றால் அடுத்தவர் காட்டுக்கு, வேலியோரம் அடுக்கி வைத்தால் அடுப்புக்கு. மணல் கலந்த செம்மண்ணில் மழைக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். தவிர அது பொதுப் பரிந்துரை, உங்கள் மண்ணைப் பார்க்காமல் சொன்னது. பார்த்தால் குறையலாம், கூடலாம்.

உதிரும் இலை காட்டிலேயே கிடப்பதால் அதிலுள்ளது திரும்பிவிடும். அதைக் கூட்டி எரிக்கிறவர்களை என்ன சொல்வது? எரித்தால் சாம்பல்சத்து சாம்பலில் நிற்கும், தழைச்சத்து புகையில் போய்விடும்.

2024 செப்டம்பர் 3

"எல்லாம் சரி, பத்து டன் குப்பை அடித்தால் ஒரு மூட்டையும் வேண்டாமே?"

காகிதத்தில் உண்மை. தொழு எருவில் தழைச்சத்து 0.5 சதவீதம், மணிச்சத்து 0.2, சாம்பல்சத்து 0.5 என்று வையுங்கள். பத்து டன்னில் 50, 20, 50 கிலோ. தழைச்சத்து முழுவதும் முதல் பயிருக்குக் கிடைக்காது, மட்க மட்கத்தான் வரும், முதல் வருடம் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்வது நல்லது. சாம்பல்சத்து அப்படியில்லை. அது மட்க வேண்டிய பொருளோடு கட்டுண்டு இல்லை, நீரில் கரைந்த உப்பாகவே இருக்கிறது, அந்தப் பயிருக்கே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஆனால் பத்து டன்னுக்கு எங்கே போவது? ஒரு மாடு நாளுக்கு 12 கிலோ சாணம் போட்டால் வருடம் 4 டன் சொச்சம். காய்ந்து, கூளம் சேர்ந்து, மட்கிக் காட்டுக்கு வரும்போது இரண்டு, இரண்டரை டன். ஏக்கருக்கு நாலு மாடு வேண்டும். உங்கள் தெருவில் மொத்தம் எத்தனை மாடு இருக்கிறது, எத்தனை ஏக்கர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். டிராக்டர் லோடு விலைக்கு வாங்கினால் நீங்கள் அடுத்தவர் காட்டுச் சத்தை வாங்குகிறீர்கள். அங்கே யார் போடுவார்கள்?

இருக்கிற குப்பையையாவது காப்பாற்றலாம். சிமெண்டுத் தளம் போட்ட கட்டுத்தறியில் மாட்டு மூத்திரம் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. மாடு வெளியேற்றும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி மூத்திரத்தில்தான் இருக்கிறது, தழைச்சத்திலும் பாதி அளவு. நாம் கெட்டியானதை மட்டும் அள்ளி வைத்துக்கொண்டு எரு என்கிறோம். தளத்தில் சோளத்தட்டைக் கழிவு, கடலைத்தோல், எதையாவது பரப்பி மூத்திரத்தை ஊற விட்டு அதைக் குப்பைக் குழியில் போட்டாலே எருவின் தரம் வேறு.

இன்னொன்று, சித்திரை வெயிலில் காடு முழுக்கச் சின்னச் சின்னக் குவியலாகக் கொட்டி மாதக்கணக்கில் காய விடுவது. உழவுக்கு முந்தின நாள் கொட்டி இறைத்து உடனே உழுதால் போதும். காய்ந்த குவியலிலிருந்து தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. அந்த நெடி சும்மா வருவதில்லை.

ஆட்டுப்பட்டி அடைக்க வாய்ப்புள்ளவர்கள் விடாதீர்கள். ஆட்டெருவில் சத்து மாட்டெருவை விட அதிகம். மூத்திரமும் நேராக மண்ணிலேயே இறங்குகிறது, கொட்டுகிற கூலியும் இல்லை. எங்கள் காட்டில் பட்டி அடைத்த துண்டு மட்டும் அடுத்த சோளத்தில் கரும்பச்சையாகத் தனியாகத் தெரிந்தது. பட்டி மாற்றாமல் இரண்டு இரவு அதிகம் கிடந்த மூலையில் சோளம் படுத்தே விட்டது, அதையும் சொல்ல வேண்டும்.

நாமக்கல் கோழி எரு பற்றிக் கேட்டவருக்கு: தழைச்சத்தும் மணிச்சத்தும் அதிகம், வேகமானது. மட்காமல் போடாதீர்கள். மணிச்சத்து ஏற்கெனவே குவிந்த காட்டுக்கு வருடா வருடம் அடிப்பதும் டி.ஏ.பி. கதைதான்.

2024 செப்டம்பர் 9

ஏற்காட்டிலிருந்து என் மச்சான் இந்த இழையைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். இரண்டு ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் நிழல், மரத்தில் மிளகு. "மாமா, நீங்க சுண்ணாம்பு சுண்ணாம்புன்னு பயப்படறீங்க, எங்களுக்குக் காசு குடுத்துச் சுண்ணாம்பு வாங்கிப் போடச் சொல்றாங்க" என்கிறார்.

அதுதான் சேலம். கீழே மரவள்ளிக் காட்டில் மண் காரம், அடிவாரத்திலிருந்து மலைப்பாதை ஏறினால் புளித்த மண். அவருடைய மண்ணின் பி.எச். (அமில, கார அளவு, 7 நடுநிலை) 4.9. சேர்வராயன் மலை பாக்சைட் வெட்டிய மலை. மழை காலங்காலமாகக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய மண். அங்கே மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அலுமினியமும் இரும்பும். நம் சுண்ணாம்பு மண்ணில் பிடித்துக்கொள்வது கால்சியம். பூட்டு ஒன்றல்ல, சாவியும் ஒன்றல்ல.

பாறை பாஸ்பேட் பாருங்கள். மலைமண்ணின் அமிலத்தில் அது மெதுவாகக் கரைந்து காப்பிக்குக் கிடைக்கும், விலையும் குறைவு. அதையே வாழப்பாடியில் சுண்ணாம்புக் காட்டில் போட்டால் கல்லோடு கல்லாகக் கிடக்கும். அடுப்புச் சாம்பலும் அப்படித்தான், மலைக்கு நல்லது, சுண்ணாம்புக் காட்டுக்கு வேண்டாம். மலையில் டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்) போடச் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கருப்பூர் பக்கத்தில் ஒருவர் நானும் போடலாமா என்கிறார். ஐயா, உங்கள் ஊரைச் சுற்றி மேக்னசைட் (மெக்னீசியத் தாது) சுரங்கம். மெக்னீசியம் மிகுந்தால் கால்சியமும் சாம்பல்சத்தும் வேருக்குள் ஏறத் தடுமாறும். மண்ணைப் பரிசோதிக்காமல் டோலமைட் பக்கமே போகாதீர்கள்.

மச்சானுக்குச் சொன்னது இரண்டு. சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒன்றாகப் போடாதே, அம்மோனியாவாகப் போய்விடும், நடுவில் சில வாரம் விடு. இரண்டாவது, பழம் உரித்த தோலை ஓடையோரம் கொட்டாதே. காப்பிப் பழத்தோலில் சாம்பல்சத்து மிகுதி, மட்க வைத்துத் திரும்பச் செடிக்கே போடு. ஓடையில் போனால் தண்ணீரும் கெடும், கீழே இருக்கிறவனும் திட்டுவான்.

1820களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து இன்று வரை அந்த மலை காப்பி கொடுக்கிறது. நிழல் மரத்து இலை விழுந்துகொண்டே இருப்பது அதற்கு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். சில்வர் ஓக் இலை மட்க நாள் பிடிக்கும், காற்றிலிருந்து தழைச்சத்தையும் பிடிக்காது. கல்யாண முருங்கை பிடிக்கும். மரம் விற்றால் காசு என்று முழுக்க சில்வர் ஓக்குக்கு மாறியவர்கள் இதை யோசிக்கலாம். மச்சான் யோசிப்பதாகச் சொன்னார். மாற்ற மாட்டார்.

2024 செப்டம்பர் 21

வாழப்பாடித் தம்பி மண் எடுக்கப் போகிறார். முறை கேட்டார்.

வரப்போரம், மரநிழல், குப்பை கொட்டிய இடம், வாய்க்கால் முனை வேண்டாம். காட்டில் பத்துப் பதினைந்து இடம். மேல் சருகைத் தள்ளிவிட்டு ஆங்கில வி போலக் குழி, மரவள்ளிக்கு 22.5 சென்டிமீட்டர் ஆழம், ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை சீவல். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டை எறிந்து, திரும்பவும் அப்படியே, அரை கிலோ மிஞ்சும் வரை. நிழலில் காயவைத்துத் துணிப்பையில். யூரியாச் சாக்கில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள், சிரிக்க வேண்டாம், நடக்கிறது. முக்கியம், இப்போதுதான் 90ஆம் நாள் உரம் போட்டீர்கள் என்றால் கொஞ்ச காலம் விட்டு எடுங்கள்.

மண்வள அட்டை 2015லேயே வந்ததே, எங்கள் ஊருக்கும் கொடுத்தார்களே என்கிறார்கள். அந்தத் திட்டத்தில் இறவைப் பகுதியில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. அதாவது ஆறு ஏக்கருக்கும் மேலே ஒரு பொட்டலம். வரப்பு தாண்டினால் சுண்ணாம்பு இருக்கும், இல்லாமல் போகும் என்று மேலே எழுதினேன். உங்கள் அட்டையில் இருப்பது உங்கள் மண்ணா, பக்கத்துக்காரர் மண்ணா? தனியாக எடுத்துக் கொடுங்கள். சேலத்தில் அரசு ஆய்வகம் உண்டு, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஏத்தாப்பூரில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வந்தால் இழையில் நாங்கள் அடிக்கும் அரட்டையை விட உபயோகம்.

2024 அக்டோபர் 6

திப்பி. ஆத்தூர்க்காரர் ஒருவர் சேகோ ஆலையிலிருந்து ஈரத் திப்பியை இரண்டு லோடு மலிவாக வாங்கிச் சோளக் காட்டில் அடித்து உழுதாராம். சோளம் மஞ்சளடித்து நின்றுவிட்டது, அமிலமா என்று கேட்கிறார்.

அமிலம் முக்கியமில்லை. திப்பி என்றால் மாவு பிழிந்த நார், இன்னும் கொஞ்சம் மாவு. கரிமம் நிறைய, தழைச்சத்து மிகக் குறைவு. மண்ணில் விழுந்ததும் நுண்ணுயிர்களுக்கு விருந்து, பெருகுகின்றன. பெருகத் தழைச்சத்து வேண்டும். திப்பியில் இல்லாததால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கின்றன, சோளம் பட்டினி. இந்த மஞ்சள் அடி இலையிலிருந்து வரும், வாழப்பாடி மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே கொஞ்சம் யூரியா கொடுத்தால் பச்சை ஏறும். கொடுக்காவிட்டாலும் அந்த நுண்ணுயிர்கள் செத்து மட்கும்போது தழைச்சத்து திரும்பி வரும், அதற்குள் சோளம் அறுவடைக்கு வந்துவிடும் என்பதுதான் தொல்லை.

சாணத்தோடோ கோழி எருவோடோ அடுக்கி இரண்டு மூன்று மாதம் மட்க வைத்துப் போட்டால் திப்பி நல்ல சரக்கு. மாட்டுத் தீவனத்துக்கு அதற்குக் கிராக்கி இருக்கும்போது மண்ணுக்கு மிஞ்சுமா என்பது தனி.

2024 அக்டோபர் 20

கொழுந்து பச்சை. இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு வந்த இலை எல்லாம் பச்சையாம், படம் போட்டிருக்கிறார். ஒருவர் "மழையால் வந்திருக்கும்" என்கிறார். தெளிக்காமல் விட்ட நாலு வரிசை பக்கத்திலேயே வெளுத்து நிற்கிறது, அதே மழைதான் அங்கேயும்.

2024 டிசம்பர் 5

ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம் இப்படிக் கொட்டும் என்று நினைக்கவில்லை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி போகவில்லை, மச்சானிடம் பேச இரண்டு நாள் ஆயிற்று. தோட்டம் தப்பியது, சரிவில் இருந்த மிளகுக் கொடி கொஞ்சம் போனது.

மழைக்குப் பிறகு யூரியா போடலாமா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. தண்ணீர் வடியும் வரை எதுவும் வேண்டாம். காற்றோட்டமில்லாத மண்ணில் தழைச்சத்து வாயுவாகப் போகும், மீதி கீழே இறங்கும். முதலில் வடிகால் வெட்டுங்கள், கிழங்கு அழுகாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. காலை வைத்தால் சேறு அப்பாத பதம் வந்ததும் பார்க்கலாம்.

கல்வராயன், பச்சைமலைச் சரிவுகளில் மானாவாரிக் கிழங்கு போடுகிறவர்களைப் பற்றி இந்த இழையில் ஒன்றும் எழுதவில்லை, எழுத வேண்டும். மரவள்ளி முதல் மூன்று மாதம் நிலத்தை மூடுவதில்லை. வெறும் சரிவில் ஒரு பெருமழை எடுத்துக்கொண்டு போகும் மேல்மண்ணில் மட்கு, சத்து, நீங்கள் போட்ட உரம் எல்லாமே அடக்கம். அதற்கு மூட்டைக் கணக்கு உதவாது. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுவது, நடுவில் வெட்டிவேர் வரிசை, ஆரம்ப மாதங்களில் ஊடே உளுந்தோ நிலக்கடலையோ. உளுந்து நிலத்தையும் மூடும், தழைச்சத்தும் கொஞ்சம் பிடித்துத் தரும். சமவெளி இறவைக் காட்டில் சின்ன வெங்காயம் ஊடுபயிராகப் போட்டால் காசு, ஆனால் அது சத்தைக் கொண்டுபோகும், கொடுக்காது. அதையும் கணக்கில் ஏற்றுங்கள்.

2024 டிசம்பர் 29

வாழப்பாடி மண் முடிவு வந்துவிட்டது. பி.எச். 8.3. அங்ககக் கரிமம் (மட்கிலுள்ள கரிமம்) 0.34 சதவீதம். ஹெக்டேருக்குத் தழைச்சத்து 190 கிலோ, குறைவு. மணிச்சத்து 31, அதிகம், 22க்கு மேலே போனாலே அதிகம்தான். சாம்பல்சத்து 142, நடுத்தரம் என்று அச்சடித்திருக்கிறது, 118க்குக் கீழே இறங்கினால் குறைவு. அதாவது நடுத்தரத்தின் அடிமட்டம். இரும்பு 2.9 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2.9 பங்கு), 4.5க்குக் கீழே போனால் குறைவு.

ஆகஸ்டில் குறித்து வைக்கச் சொன்ன மணிச்சத்து மிச்சம் இதோ. இதில் மோசம் என்னவென்றால், மணிச்சத்து மண்ணில் குவிந்தால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்கு ஏறுவது இன்னும் கடினமாகும். கொழுந்து வெளுத்ததற்குச் சுண்ணாம்பு பெரிய காரணம், வருடா வருடம் வந்த இரண்டு மூட்டை டி.ஏ.பி. அதற்குத் துணை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மண் செத்ததா என்றால், கரிமம் 0.5க்குக் கீழே இருப்பது நல்ல செய்தி இல்லை. நாலு வருடம் குப்பை இல்லாமல், மாற்றுப் பயிர் இல்லாமல் கிழங்கு மட்டும் போட்டால் இப்படித்தான் ஆகும். அது உரத்தால் மட்டும் வந்ததில்லை, எதையும் திருப்பிக் கொடுக்காததால் வந்தது. கிழங்கு பிடுங்கியதும் சித்திரையில் பசுந்தாள் உரப் பயிரான சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைத்துப் பூ எடுக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். தண்ணீர் இருந்தால்தான் இது நடக்கும், இல்லாதவர்களுக்குக் கொழுஞ்சி, அது வறட்சியைத் தாங்கும்.

அடுத்த நடவுக்கு ஏக்கர் கணக்கு. அவரால் 4 டன் குப்பை தேற்ற முடியும். அதிலிருந்து இந்தப் பயிருக்குத் தழைச்சத்து 7, மணிச்சத்து 8, சாம்பல்சத்து 20 கிலோ என்று வைக்கிறேன். மண்ணில் தழைச்சத்து குறைவு என்பதால் 36ஐக் கால் பங்கு கூட்டினால் 45, குப்பை போக 38, யூரியா 83 கிலோ, இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. சாம்பல்சத்து 96இல் 20 போக 76, பொட்டாஷ் 127 கிலோ, இரண்டரை மூட்டை. டி.ஏ.பி. பூஜ்யம். மணிச்சத்தைக் கால் பங்கு குறைத்தால் போதும், நிறுத்தக் கூடாது என்று தலைவாசல் அண்ணன் சொல்கிறார், வழக்கமான விதி அவர் பக்கம்தான். ஆனால் குவிந்து கிடக்கிற காட்டில், குப்பையும் 8 கிலோ தரும்போது, இரண்டு போகம் நிறுத்திவிட்டுத் திரும்பப் பரிசோதிப்பேன். மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிரான பாஸ்போபாக்டீரியா வேண்டுமானால் குப்பையோடு கலந்து போடலாம்.

இரும்புக்கு அன்னபேதியை நேராக மண்ணில் போடாதீர்கள், இந்த மண் அதைச் சீக்கிரம் பூட்டிவிடும். குப்பையோடு கலந்து ஊற வைத்துப் போடுவது தேவலை. தெளிப்பைக் கைவிட வேண்டாம்.

2025 ஜனவரி 2

"டி.ஏ.பி. நிறுத்தினால் மிச்சம் 2,700 ரூபாய், அதில் பொட்டாஷ் வாங்கிவிடலாம் போலிருக்கே அண்ணா." அதேதான் தம்பி. 

2025 ஜனவரி 18

சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் இதே அளவைச் சிறு சிறு தவணையாகப் பாசனத்தோடு விடலாம், இரண்டு தவணையை விட அது மேல். ஆனால் செங்கல் நிறத்தில் இருக்கிற சாதாரணப் பொட்டாஷைத் தொட்டியில் கரைக்காதீர்கள். அந்தச் சிவப்பு இரும்புத் துரு, கரையாது, துளையை அடைத்துவிடும். வெள்ளைப் பொட்டாஷ் கேட்டு வாங்குங்கள், விலை கூடுதல்தான். சிவப்புதான் கையில் இருக்கிறது என்றால் செடிக்குச் செடி கையால் வைத்து மண் அணைத்துவிடுங்கள்.